செயலியில் தொண்ணூறு மார்க், வகுப்பில் மௌனம்

இந்த வாரமும் ஒரு மாணவி. ஆங்கிலம் பழக்கும் செயலியில் தினமும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறாள். வகுப்பில் பக்கத்துத் தோழி "வொய் டு யூ லைக் இட்?" என்று கேட்டதும் வாயடைத்துப் போனாள். எல்லோரும் கூச்சம் என்கிறார்கள். அவள் இதுவரை பேசிப் பழகவே இல்லை, திரையில் வந்த வாக்கியத்தை வாசித்துத்தான் பழகியிருக்கிறாள்.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். வாசிக்கச் சொல்லி மார்க் போடும் செயலி, தன்னிடம் இருக்கும் வாக்கியத்தோடு உங்கள் ஒலியை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். என்ன சொல்வதென்று யோசிக்கும் வேலையை அதுவே முடித்துவிடுகிறது. சொல் கிடைக்காமல் வேறு விதமாகச் சொல்லிச் சமாளிப்பது, எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் அதில் எங்கே இருக்கிறது? போதாததற்கு, வகுப்பு இரைச்சலில் சரியாகச் சொன்னதையும் தப்பு என்றுவிடும்.

கைபேசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 40 பேர், 40 நிமிட வகுப்பு என்றால் ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். இருவர் இருவராகப் பேசவிட்டால் நேரம் கிடைக்கும், ஆனால் எல்லோரையும் ஆசிரியர் கேட்க முடியாது. அங்கேதான் கைபேசியில் இருக்கும் ரெக்கார்டர் கைகொடுக்கும். இணையம்கூட வேண்டாம்.

மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் எழுதிப் பரவலான 4/3/2 பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் மாணவரே கேட்கட்டும், எங்கே திணறினோம் என்று தானே குறிக்கட்டும். அப்புறம் இன்னொரு முறை பேச வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவில் தன் குரல் வேறு மாதிரிதான் கேட்கும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் வெட்கத்தில் அணைத்துவிடுவார்கள்.

ஃப்ளைட் மோடில் போடச் சொல்லுங்கள். எழுதிவைத்து வாசிக்க விடாதீர்கள், நாலு குறிப்புச் சொல் போதும். இருவருக்கு ஒரு கைபேசி போதும், இல்லாத பிள்ளையைத் தனியாக நிறுத்தாதீர்கள். பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. திணறல் ஊரெல்லாம் பரவினால் அந்தப் பிள்ளை அப்புறம் வாய் திறக்குமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவு மார்க் என்று கேட்காதீர்கள். இன்று யாரிடம் என்ன பேசினாய் என்று கேளுங்கள். சொல்லும்போது நடுவில் திருத்தாதீர்கள்.