ஏப்ரல் வெயிலிலும் மண் வீடு குளுகுளுவென்று இருப்பது எப்படி?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: தாத்தா கட்டிய தோட்டத்து வீட்டில் ஏப்ரல் மதியத்திலும் பாயைப் போட்டுத் தூங்க முடிகிறது, பக்கத்திலேயே கட்டிய கான்கிரீட் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கிறது, ஏன்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல் கடைக்கால், மேலே ராகித்தாள் கலந்து மிதித்த செம்மண் சுவர், உயரமான நாட்டு ஓட்டுக் கூரை, வசதியானவர்கள் வீடென்றால் நடுவில் முற்றம். தரை ஈரம் சுவருக்கு ஏறாமல் கல் பார்த்துக்கொள்ளும், சூடான காற்று ஓட்டுச் சந்து வழியே போய்விடும். சரி, எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சுவர்தான்.

மண் வெப்பத்தைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பதில் மண் சுமார்தான், தெர்மாகோல் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. மண்ணின் பலம் அதன் கனம். மாலை 4 மணி வெயில் மேற்குச் சுவரில் அடிக்கும்போது வெளிப்பக்கம் ஒரு விரற்கடை மண் முதலில் சூடாகும், அது தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்த விரற்கடைக்கு விடும், அது அடுத்ததற்கு, இப்படிச் சூடு மெதுவாக உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்துவிடுவதால், பாதி வழி வந்த சூட்டில் பெரும்பகுதி வந்த பக்கமே திரும்பிவிடுகிறது! ஓரடிச் சுவரைத் தாண்ட 8 முதல் 10 மணி நேரம் ஆகும். தாண்டி வரும்போது அதன் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்திருக்கும். வந்து சேர்வதும் நடுராத்திரிக்கு மேல், ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். கான்கிரீட் கூரையோ 4, 5 அங்குலம். உச்சி வெயில் மூன்று நான்கு மணி நேரத்தில் உள்ளே இறங்கி, படுக்கும் நேரம் வரைக்கும் விடாது.

இதற்கு ராத்திரி நன்றாகக் குளிர வேண்டும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900, அந்த உயரத்தில் ராத்திரி நன்றாகக் குளிரும். புழுக்கமான கடலோரத்தில் இதே சுவர் இவ்வளவு உதவாது.

1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய அஸ்த்ரா என்ற கிராமத் தொழில்நுட்ப ஆராய்ச்சிப் பிரிவு, மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய, சூளையில் வேகாத கற்களை உருவாக்குவதில் நிறைய வேலை செய்தது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். நாமும் வாஸ்துக்காரர் சொன்னார் என்று நல்ல ஜன்னலை அடைப்பதை விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், பழைய மண் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள். மண் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்க, சுவர் உதிர ஆரம்பிக்கும். மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுங்கள், அல்லது சுண்ணாம்பு.