காலையில் கிளம்பாத கம்ப்யூட்டர்

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இன்னும் ஒரு பென்டியம் 3 ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 98, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பல்லுக்கறை நிறத்துக்கு மாறிவிட்ட கேபினட். கார்த்திகையில் ஒரு நாள் அச்சகத்துக்காரர் போன் செய்தார். "தம்பி, காலையில ஏழெட்டு தடவை அமுக்கினாத்தான் கிளம்புது. வெயில் ஏறிட்டா ஒரே அமுக்குதான். மழை பெஞ்சா அன்னைக்குப் பூரா சண்டித்தனம்."

வேறு எந்தச் சோதனையும் செய்யாமலே பாதி வியாதி பிடிபட்டுவிட்டது. வெயிலுக்கும் குளிருக்கும் கம்ப்யூட்டர் இப்படி வித்தியாசம் காட்டினால் முதல் சந்தேகம் ஒன்றின் மேல்தான்: கண்டன்சர். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி.

புதுசு வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அவருடைய பழைய பத்திரிகை மாதிரிகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழை ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு உட்காரவைத்திருந்த காலம் அது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வந்தன. அதற்கு முன் அடித்ததெல்லாம் அப்படியேதான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் 'நிகழும் மங்களகரமான' என்பது ஏதோ மந்திர எழுத்து மாதிரி தெரியும்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். சிலிக்கான் சில்லு லேசில் சாகாது. ஈரம் உள்ளது, உரசுவது, சுற்றுவது, இந்த மூன்றும்தான் முந்தும். டெல்டாவில் ஈரத்துக்கு வெளியிலிருந்தும் ஆள் பலம் உண்டு. வேதாரண்யம் பக்கம் உப்பளக் காற்று படும் வீடுகளில் கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையான மதர்போர்டின் மேல் உப்பு படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே நீர் இழுத்துக் கசியும். கசிந்தால் மின்சாரம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் பாதை போட்டுவிடும். கும்பகோணத்தில் உப்பு இல்லை, காகிதத் தூசி உண்டு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்தபோது தூசிக்குள் இரண்டு பல்லி முட்டை ஓடும் இருந்தன.

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் முதலில் நேர்மின்சாரமாக மாற்றும்போது அது சுமார் 325 வோல்ட்டாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கலாம். பத்து நிமிஷம் காத்திருந்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

சுத்தம் செய்துவிட்டு நேரே பிளக்கில் செருகவில்லை. மின்சாரம் ஒரு பல்பைத் தாண்டித்தான் உள்ளே போகும்படி, சீரிஸ் பல்பு போர்டு வழியாகக் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் 100 வாட் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, பெட்டியைக் காப்பாற்றிவிடும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. சரி. பிறகு நேரடியாகக் கொடுத்து, பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஃபேன் சுற்றியது. சிவப்பில் 5.06 வோல்ட், மஞ்சளில் 12.1. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதால் இரண்டும் பாஸ். ஆக, கோளாறு மதர்போர்டில்.

புராசஸருக்குச் சுமார் 1.7 வோல்ட் போதும், ஆனால் பல ஆம்பியர் வேண்டும். எஸ்எம்பிஎஸ் தரும் 5 வோல்ட்டை மதர்போர்டிலுள்ள மின்சுவிட்சுகள் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடி இந்த அளவுக்கு இறக்குகின்றன. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி. வயலுக்கு முறை பார்த்துத் தாகம் எடுக்காது, எப்போதும் தண்ணீர் வேண்டும். இடையில் ஒரு குளம் இருந்தால் நிரம்பும்போது வாங்கி, வற்றும்போது கொடுக்கும். புராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கண்டன்சர்கள்தான் அந்தக் குளங்கள்.

ஒரு கண்டன்சரை உரித்துப் பார்த்தால் அலுமினியத் தாள், காகிதம், மறுபடி அலுமினியத் தாள் என்று பீடி மாதிரி சுருட்டியிருக்கும். ஒரு தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டு, அதுதான் காப்பு. காகிதத்தை நனைத்திருக்கும் திரவம்தான் உண்மையான எதிர்முனை. படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால் அதை அடைப்பதும் அந்தத் திரவமே. வருஷக்கணக்கான சூட்டில் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மிச்சமிருப்பதன் வழியாக அயனிகள் நகர்வது கஷ்டமாகும், அதாவது உள்தடை ஏறும். குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வாய்க்காலில் வெங்காயத்தாமரை மண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட நேரத்துக்குத் தண்ணீர் வந்து சேராது.

குளிரில் அந்தத் திரவம் இன்னும் தடித்துப்போகும். கார்த்திகைக் காலையில் 22, 23 டிகிரி. அதற்கே நம் கண்டன்சர் முரண்டு பிடிக்கிறது. சரி, ஏழெட்டு தடவை அமுக்கினால் மட்டும் ஏன் கிளம்புகிறது? ஒவ்வொரு முயற்சியிலும் அந்தத் தடையின் வழியாக மின்சாரம் ஓடி, கண்டன்சரை உள்ளிருந்தே சூடாக்குகிறது. எட்டாவது தடவைக்குள் தேவையான சூடு வந்துவிடும். கோளாறே தனக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹேர் டிரையரை வாங்கி அந்த வரிசையில் மட்டும் ஒரு நிமிஷம் காட்டினேன், முதல் அமுக்கிலேயே 'பீப்' என்றது.

மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அது சராசரியைத்தான் சொல்லும். நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் விழும் பள்ளம் அதன் கண்ணில் படாது. நம் கண்ணுக்குச் சில சமயம் படும். கண்டன்சர் தலையில் ஒரு சிலுவை வெட்டு இருக்கும், உள்ளே வாயு சேர்ந்தால் அங்கே பிளந்துகொள்வதற்காக. இங்கே ஆறில் மூன்று பூரி மாதிரி உப்பியிருந்தன, ஒன்றின் மேல் பழுப்புக் கசிவு. 2000-ஐ ஒட்டிய சில வருஷங்களில் வந்த நிறைய கண்டன்சர்களில் திரவக் கலவையே சரியில்லை. நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிட்டது. உலகம் முழுக்க மதர்போர்டுகள் இப்படி வீங்கின.

மூன்று கெட்டிருந்தாலும் ஆறையும் மாற்றினேன். பழைய போர்டிலிருந்து பிடுங்கிப் போடுவதில் அர்த்தமில்லை, அதற்கும் அதே வயது. புதுசில் பார்க்கவேண்டியது 105 டிகிரி தாங்குமா, உள்தடை குறைவானதா என்பவை. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தோராயமான விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்றால், 65 டிகிரியில் 32,000. தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் பதினோரு வருஷம்.

கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துவிட வேண்டும். கண்டன்சர் உடம்பில் பட்டை உள்ள பக்கம் மைனஸ். ஆனால் போர்டில் நிழலடித்த பாதி சிலவற்றில் மைனஸ், சிலவற்றில் பிளஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும். 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து அரை மணி நேரம் வீணடித்தேன். போர்டின் உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. 60 வாட் வந்ததும் ஈயம் வெண்ணெய் மாதிரி இளகியது.

அப்புறம் தேதி. பில்லில் 1-1-1980 என்று விழுந்து, ஒரு வாடிக்கையாளர் "அப்ப எங்கப்பாவுக்கே கல்யாணம் ஆகலையே" என்றாராம். பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரத்தை ஓட்டுவது சிஆர்2032 என்ற காசு பேட்டரி: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் பெயரே. பக்கத்தில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒன்று, அதாவது ஒரு நொடி. 3 வோல்ட் இருக்கவேண்டிய பேட்டரியில் 2.1 இருந்தது.

ராம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் முனைகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துச் செருகினேன். ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. மெல்லிய தங்கப் பூச்சு அழிந்துவிடும்.

மறுநாள் காலை ஏழு மணி, வெளியே நல்ல மழை. ஒரே அமுக்கு, ஒரே பீப். ஆனால் கூடவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். அது சுற்றுகிற ஜாதி. கண்டன்சர் மாதிரி புதுசு மாற்றினால் உள்ளே இருப்பது திரும்பாது. முழு நகல் எடுக்க அரை நாள் வேண்டும் என்றேன். அவர் பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்தார்.

"தை முகூர்த்தம் முடியட்டும் தம்பி."