பத்துமலையில் இருக்கும் ‘பத்து’

கோலாலம்பூரின் செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறிப் பத்துமலைக்குப் போனால் இடையில் மூன்று நிலையங்கள் வரும்: பத்து கெந்தோமென், கம்போங் பத்து, தாமான் வாயு. நான்காவதும் கடைசியும் பத்துமலை. போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு ஒன்பது வயது. வழி நெடுக அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே வந்தவன், இறங்கி மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, பத்து மலைன்னு சொல்றீங்க, ஒன்னுதானே நிக்குது?”

நல்ல கேள்வி. இதே கேள்வியை நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் சொன்ன பதில் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்துமலையில் இருக்கும் ‘பத்து’ எண் அல்ல. அது ‘கல்’ என்று பொருள்படும் மலாய்ச் சொல். மலையை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சுங்கை பத்து என்று பெயர், அதாவது கல்லாறு. ஆற்றின் பெயர் வட்டாரத்துக்கு வந்தது, அங்கிருந்து மலைக்கும் குகைக்கும் வந்தது. கம்போங் பத்து என்றால் கல்லூர். இன்று துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை என்று நாம் சொல்லும் கோலாலம்பூர்ச் சாலைக்கு ‘பத்து ரோடு’ என்பதுதான் பழைய பெயர். பத்து வட்டாரத்துக்குப் போகும் சாலை என்பதால் அப்படி.

சந்தேகம் இருந்தால் நாட்டின் மற்ற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பேராவில் பத்து காஜா இருக்கிறது. காஜா என்றால் யானை. அது பத்து யானை அல்ல, யானைக்கல். ஜொகூரில் பத்து பகாட், செதுக்கிய கல். சிலாங்கூரில் பத்து ஆராங், கரிக்கல். ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர் அது, பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது. பினாங்குக்காரர்கள் தங்கள் பத்து பெரிங்கியையும் பத்து மாவோங்கையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, மலாயில் ஒற்றைத் தகரம் உள்ள சொல் தமிழுக்கு வரும்போது ஏன் ‘த்து’ ஆனது? நம் எழுத்தின் இயல்பு அது. உயிருக்கு நடுவில் தனித் தகரம் வந்தால் நாம் மெலித்துத்தான் படிப்போம். ‘பது’ என்று எழுதியிருந்தால் ‘அது’, ‘எது’ போல ஒலித்திருக்கும். வல்லோசை கெடாமல் இருக்க ஒற்றை இரட்டித்தார்கள். டத்தோ, கோத்தா எல்லாம் இதே முறையில் வந்தவைதான். ஆனால் இந்த ஒரு சொல்லில், இரட்டித்த கையோடு அது நம்முடைய எண்ணுப் பெயராகவே உருமாறிப் போனது.

இலக்கணத்தில் இதற்கு ஒரு தடயமும் உண்டு. ஒன்று முதல் பத்து வரையிலான எண்களில் எட்டுக்கும் பத்துக்கும் பின்னால்தான் வல்லினம் மிகும்: எட்டுத்தொகை, பத்துப்பாட்டு. அப்படியானால் எண்ணாக இருந்தால் ‘பத்துக் காஜா’ என்று ஒற்று வந்திருக்க வேண்டும். யாரும் அப்படிச் சொல்வதில்லை, எழுதுவதில்லை. நம் நாக்குக்கே அது எண் இல்லை என்று தெரிந்திருக்கிறது. பத்துமலையில் மட்டும் பின்னால் வருவது மகரம், மெல்லினம். ஒற்று மிக இடமே இல்லை. அதனால் எண்ணா கல்லா என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போய்விட்டது. குழப்பம் இங்கே மட்டும் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் பக்தி. எங்கள் வீட்டில் பாட்டி சொன்ன பதில் இதுதான்: முருகனுக்குத் தமிழ்நாட்டில் ஆறுபடை வீடு. மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை, அப்புறம் இந்த மலை. ஆறும் நாலும் பத்து. பத்தாவது மலை, ஆகவே பத்துமலை. இன்றும் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். சொல்லின் பிறப்பாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. தம்புசாமிப் பிள்ளை 1891 வாக்கில் குகையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கி, 1892 முதல் தைப்பூசம் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே ஆற்றுக்கும் வட்டாரத்துக்கும் அந்தப் பெயர் இருந்தது. ஆனாலும் பாட்டியின் கணக்கைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. வேற்று மொழிச் சொல் ஒன்றை வைத்து, நாட்டின் நான்கு மூலைக் கோயில்களையும் தாய்நாட்டுப் படைவீடுகளோடு கோத்துவிட்டார்கள். சிலேடை என்று பார்த்தால் அழகான சிலேடை.

இங்கே ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலாயில் ‘பத்து’ என்பதற்குக் கல் மட்டுமல்ல, மைல் என்றும் பொருள். ‘பத்து லீமா’ என்றால் ஐந்தாவது மைல். சாலையோரம் நட்ட கல்லிலிருந்து வந்த பொருள். தமிழிலும் இதே நடந்திருக்கிறது. பழைய எழுத்தில் ‘ஊருக்கு மேற்கே இரண்டு கல் தொலைவில்’ என்று படித்திருப்பீர்கள். அங்கே கல் என்றால் மைல். இந்த நாட்டுத் தமிழர்கள் அதையே ‘கட்டை’ என்றார்கள்: மூணாங்கட்டை, ஆறாங்கட்டை. கல்லை வைத்துத் தூரத்தை எண்ணும் பழக்கம் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஊறிப் போயிருக்கிறது.

இனி, என்ன கல் என்ற கேள்வி.

பத்துமலை சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுக்கு முன்னால் கடலடியில் படிந்தது. மலாயில் இதற்கு ‘பத்து காப்பூர்’ என்பார்கள். ‘காப்பூர்’ என்றதும் பையன் நிமிர்ந்தான். பள்ளியில் கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டிக்கு ‘காப்பூர் துலிஸ்’ என்றுதான் அவனுக்குப் பெயர் தெரியும். வெற்றிலையில் தடவுவதும் காப்பூர், எழுதுவதும் காப்பூர், இத்தனை பெரிய மலையும் காப்பூர். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்தச் சொல்லைச் சொல்லலாம்.

தமிழில் சுண்ணாம்பு, ‘சுண்ணம்’ என்பதிலிருந்து வந்தது. பொடி என்று பொருள்படும் வடசொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வோரும் உண்டு, எரிதலைக் குறிக்கும் ‘சுள்’ என்ற தமிழ் வேரைக் காட்டுவோரும் உண்டு. எப்படி இருந்தாலும், சுட்ட பிறகு கிடைப்பதற்கு நம்மிடம் ‘நீறு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. நாவுக்கரசரை இட்டதாகச் சொல்லும் நீற்றறை, சுண்ணாம்புக் காளவாய்தான். ஆக, மலையில் இருக்கும்போது கல், காளவாயில் வெந்தால் நீறு. இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் ‘சுண்ணாம்பு மலை’ என்று சுருக்காமல் ‘சுண்ணாம்புக்கல் மலை’ என்று எழுத வேண்டும் என்கிறேன்.

வெள்ளையாக நிற்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லும் அல்ல. கிள்ளான் கேட்ஸ் அணைக்குப் பக்கத்தில் நிற்கும் புக்கிட் தாபூர் முகடு முழுக்க குவார்ட்ஸ். அதை மழை கரைக்காது. பத்துமலையும் தெம்ப்ளர் பூங்கா பக்கம் நிற்கும் புக்கிட் தாக்குனும்தான் கரையும் சாதி. வித்தியாசம் பார்க்க ஆசைப்பட்டு, பத்துமலையின் டாமாய் பக்கம் பாறை ஏறுகிறவர்கள் கயிறு கட்டும் சுவரின் அடியில் உதிர்ந்து கிடந்த நகமளவு சில்லு ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடி விழுந்தது. அந்தப் பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டோம். சின்னச் சின்னக் குமிழாகக் கிளம்பி, காதருகே வைத்தால் மெல்லச் சீறுகிற சத்தம். “கல்லு மூச்சு விடுது மாமா” என்றான்.

மழை செய்வதும் அதே வேலைதான், மெதுவாக. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. விரிசலுக்குள் இறங்கி, கல்லைக் கரைத்து, வழி பெரிதாகிப் பெரிதாகிக் குகை பிறக்கிறது. கரைந்த சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு கூரையில் வந்து தொங்கும் சொட்டு, வாயுவை வெளியே விட்டதும் சுமையைக் கொஞ்சம் அங்கேயே வைத்துவிட்டுக் கீழே விழுகிறது. மேலே வளர்வது கல்விழுது, கீழே தரையிலிருந்து எழுவது கல்முளை. இந்த இரண்டு சொல்லும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆலமரத்தைப் பார்த்தவன் எவனுக்கும் விளக்கமே வேண்டாம். 272 படி ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது தலைக்கு மேலே பாருங்கள், விழுது விழுதாகத் தொங்கும்.

இப்படிக் கரைந்து உருவான நிலத்துக்கு உலகம் முழுக்க ‘கார்ஸ்ட்’ என்று பெயர். ஸ்லோவேனியாவில் கிராஸ் என்ற மேட்டு நிலத்தின் ஜெர்மன் உச்சரிப்பு அது. தமிழில் ‘சுண்ணாம்புக்கல் நிலம்’ என்றாலே புரியும், புதிதாகச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

குகை என்ற சொல்லையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலாயில் ‘குவா’, தமிழில் ‘குகை’. இரண்டுமே ‘குஹா’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள். முருகனுக்குக் குகன் என்ற பெயரும் இதே குடும்பம்தான், அதனால் இந்த மலையில் குகை என்ற சொல் நன்றாகவே பொருந்தி உட்கார்ந்துவிட்டது. ஆனால் நம்முடைய சொந்தச் சொற்கள் வேறு இருக்கின்றன: அளை, முழை, முழைஞ்சு. ‘உன் மகன் எங்கே’ என்று கேட்டவளுக்குப் புறநானூற்றின் 86ஆம் பாட்டில் காவற்பெண்டு, ‘புலி சேர்ந்து போகிய கல்லளை போல’ என்று தன் வயிற்றைக் காட்டுகிறாள். ஆண்டாளின் சிங்கம் மழைக்காலத்தில் உறங்குவது ‘மலை முழைஞ்சில்’. அளவில் வேறுபாடு வைத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். கோயில் இருக்கும் பெருங்கூடத்தைக் குகை என்போம். தாக்குன் போன்ற மலைகளில் ஆள் குனிந்து நுழையும் பொந்துகளுக்கு முழை என்ற சொல் அப்படியே பொருந்தும்.

கடைசியாக, பத்துமலைக்கு நேர்த் தமிழ் என்ன? கல், மலை இரண்டையும் சேர்த்தால் புணர்ச்சியில் லகரம் னகரமாகி ‘கன்மலை’ வரும். மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொல் வேதாகமத்திலிருந்து நன்றாகத் தெரியும். பேச்சில் அதுவே கல்லுமலை. கவனித்தீர்களா? ஈப்போத் தமிழர்கள் தங்கள் சுண்ணாம்புக்கல் மலைக் கோயிலுக்கு வைத்த பெயர் அதுதான். ஒரே மாதிரி மலை, ஒரே பொருள். அங்கே தமிழில் வைத்தார்கள், இங்கே மலாய்ச் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. நூறாண்டுக்கு மேல் காவடி சுமந்தவர்கள் வாயில் வழங்கிய பெயர் பத்துமலை, அது அப்படியே இருக்கட்டும். சேர்த்து, ஒரே சொல்லாக எழுதுங்கள். ‘பத்து மலை’ என்று இடம் விட்டாலும், சில சுற்றுலா விளம்பரங்களில் வருவதுபோல ‘பத்து குகைகள்’ என்று போட்டாலும், அக்கா மகனைப் போல இன்னொரு பிள்ளை ரயிலை விட்டு இறங்கி மலைகளை எண்ணத் தொடங்கிவிடும்.