பீங்கான், போர்சலின், பதுமை: எதை எப்படிச் சொல்வது?

பழைய ஜெர்மன் போர்சலின் பொம்மைகள் சேர்க்கும் நண்பர் ஒருவர், "போர்சலினுக்குத் தமிழ்ல என்னங்க?" என்று கேட்டார். பீங்கான் என்றேன். "அது டீ கப்புக்கும் கழிப்பறைக்கும் சொல்ற வார்த்தையாச்சே" என்று முகம் சுளித்தார். அவர் சுளித்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் போர்சலின் என்ற சொல் எங்கே பிறந்தது என்று கேட்டிருந்தால், அதன் மேல் வைத்திருக்கும் மரியாதையையும் சற்றுக் குறைத்துக்கொண்டிருப்பார்.

இத்தாலிய மொழியில் போர்ச்செல்லா என்றால் இளம் பெண்பன்றி. அதிலிருந்து போர்ச்செல்லானா வந்தது. அது சோழிக்குப் பெயர். நாம் பரமபதம் ஆட உருட்டுகிறோமே, அதே சோழிதான். சோழியின் வளைந்த முதுகு பன்றியை நினைவூட்டியதாகச் சொல்வார்கள். வேறு விளக்கமும் உண்டு, அதை இங்கே எழுத வேண்டாம். மார்க்கோ போலோவின் பயண நூலில் சோழிக்கும் சீனப் பாத்திரத்துக்கும் ஒரே சொல்தான். இரண்டிலும் அதே வெண்மை, அதே வழவழப்பு. ஜெர்மானியர் அதை வாங்கிப் பொர்ட்ஸெலான் ஆக்கிக்கொண்டார்கள்.

பீங்கான் வந்த வழி வேறு. பாரசீகத்தில் பிங்கான் என்பது கிண்ணம். அடியில் சின்ன ஓட்டையிட்டு, தண்ணீரில் மிதக்கவிட்டு நேரம் பார்க்கும் கிண்ணத்துக்கும், அதாவது நம் நாழிகை வட்டிலுக்கும், அதே பெயர். அரபியில் 'ப' ஒலி இல்லாததால் அது ஃபிஞ்சான் ஆகிக் காபிக் கோப்பையைக் குறித்தது. மலாயில் பிங்கான் என்றால் தட்டு. இலங்கைத் தமிழில் இன்றும் பீங்கான் என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டுதான். தமிழ்நாட்டில்தான் பாத்திரத்தின் பெயர் அது செய்யப்பட்ட பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. பொருள் நமக்குப் புதிதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்வாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு இதைச் செய்யத் தெரியாது.

தெரிந்துகொள்ள 1708 வரை ஆனது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட இரண்டாம் அகஸ்டஸுக்குச் சீனப் பீங்கான் என்றால் பித்து. 1717-இல் 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய அரசருக்குக் கொடுத்து 151 பீங்கான் கலங்களை வாங்கிய மனிதர் அவர். தங்கம் செய்து காட்டுவேன் என்று சொல்லித் திரிந்த ரசவாதி யோஹான் ஃபிரீட்ரிஷ் பட்கரைப் பிடித்து அடைத்துவைத்திருந்தார். தங்கம் வரவில்லை. அறிஞர் ஷிர்ன்ஹவுஸோடு சேர்ந்து பட்கர் கண்டுபிடித்தது வெண்பீங்கான். 1710-இல் மைசன் நகரக் கோட்டையில் ஆலை தொடங்கியது. அதன் அடையாளமான குறுக்கு வாள்கள் 1720-களில் வந்தன. 1731-இல் சேர்ந்த சிற்பி யோஹான் யோவாகிம் கேன்ட்லர்தான் தட்டு, கோப்பை என்று கிடந்த பீங்கானை கோமாளி, இடையர், குரங்கு வாத்தியக் குழு என உருவங்களாக்கினார்.

சரி, நண்பரின் குறைக்கு வருவோம். மண்ணைச் சுட்டு, மெருகு என்ற கண்ணாடி போன்ற பூச்சு ஏற்றிய எதையும் நாம் பீங்கான் என்றுவிடுகிறோம். ஊறுகாய் ஜாடியும் பீங்கான், சுவர் ஓடும் பீங்கான். சேகரிப்பவருக்கு இது போதாது. நீர் உறிஞ்சுவது மண்கலம். கல் போல இறுகி, ஒளி புகாமல் இருப்பது கற்கலம். வெண்களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களைச் சேர்த்துக் கிட்டத்தட்ட 1400 டிகிரி செல்சியஸில் சுட்டு, மெல்லிய இடத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரிவது பீங்கான். மூன்றாவதற்கு மட்டும் பீங்கான் என்று வைத்துக்கொண்டால் போர்சலின் தேவையே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் போர்சலின் என்று பலர் முதலில் வாங்கும் ஹும்மெல் குழந்தை உருவங்கள் பீங்கானே இல்லை. கன்னியாஸ்திரி மரியா இன்னொசென்சியா ஹும்மெல் வரைந்த படங்களை வைத்து கோபெல் ஆலை 1935-இல் கொண்டுவந்த அவை நயமான மண்கலம். டார்ச்சுக்கு மசியாது. அடியில் 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம்.

அப்புறம் உருவத்துக்கு என்ன சொல்வது? பொம்மை என்றால் குழந்தை விளையாடும் பீங்கான் தலைப் பொம்மையோடு குழம்பும். பாவை அழகான சொல், சங்கப் பெண்கள் மணலில் செய்த வண்டற்பாவை வரை போகிறது. ஆனால் கேன்ட்லர் செய்த பக் நாயைப் பாவை என்றால் நாயே சிரிக்கும். பதுமை எனக்குப் பிடித்திருக்கிறது: பீங்கான் பதுமை. பேச்சில் பொம்மை என்றே சொல்லுங்கள், தப்பில்லை.

பெயர் சரியாக இருப்பது கழுவும்போது உதவும். மண்கலத்தை ஊறவைத்தால் மெருகில் இருக்கும் நுண்விரிசல் வழியே அழுக்குநீர் உள்ளே போய்க் கறையாகும். பீங்கான் நீர் குடிக்காது. ஆனாலும் ஊறவைக்கக் கூடாது, பழைய ஒட்டு விட்டுவிடும். தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில், கையையோ தலையையோ பிடிக்காமல் அடியைத் தாங்கிக் கழுவ வேண்டும். தங்கப்பூச்சு மெருகின் மேல் குறைந்த சூட்டில் ஏற்றியது, தேய்த்தால் போய்விடும். அடியில் இருக்கும் சிறு துளை உடைசல் இல்லை, சூளையில் உள்காற்று வெளியேற விட்ட வழி. அதைப் பஞ்சால் அடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

என்னிடம் ஒரு விரல் நீளத்தில் நடனப்பெண் பதுமை இருக்கிறது. பாவாடையெல்லாம் லேஸ். நிஜமான பருத்தி லேஸைப் பீங்கான் குழம்பில் முக்கிச் சுடுவார்கள். நூல் எரிந்துபோகும், அதன் வடிவில் பீங்கான் மட்டும் நிற்கும். தூசி துடைக்கிறேன் என்று ஒருநாள் பனியன் துணியால் லேசாகத்தான் தொட்டேன். நூல் மாட்டியது, பாவாடை ஓரத்தில் அரை அங்குலம் பொடியாகிக் கையோடு வந்தது. இப்போது முகப்பவுடர் போடும் மென்தூரிகையும் காற்றூதும் பந்தும்தான், துணி கிட்டவே போவதில்லை.