மூலியா கொக்கோ: சொல் விளக்கம்
ராவுங், ஈஜென் எரிமலைகளை ஒட்டிய கிழக்கு ஜாவாவின் ஜெம்பர், பன்யுவாங்கி பகுதிகளில் கொக்கோவை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சுவைக்காகத் தேடி வாங்கப்படுவது மூலியா. மற்றதெல்லாம் லிண்டாக். இந்தோனேசியாவின் தேசியத் தர விதியிலும் இந்தப் பிரிவு உண்டு.

மூலியா நமக்கு அந்நியமான சொல் அல்ல. விலை, மதிப்பு என்று பொருள்படும் 'மூல்ய' என்ற வடசொல்தான் மலாய்க்குப் போய் 'மேன்மையான' என்று ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் இதே கொக்கோவை 'எடெல்' என்றார்கள். அதற்கும் உயர்குடி, மேன்மை என்பதே பொருள்.

மேன்மை ரகத்தில் இருக்கிறது. இது கிரியோலோ என்ற மென்சுவைக் கொக்கோ இனத்தின் வழி வந்தது. டச்சுக் காலத்தில் மத்திய ஜாவாவின் ஜாதி ரூங்கோ தோட்டத்தில் தேர்ந்தெடுத்த மரங்களிலிருந்து வந்த, அத்தோட்டத்தின் பெயர்ச்சுருக்கத்தையே தாங்கிய டி.ஆர். 1, டி.ஆர். 2, டி.ஆர். 38 ஆகிய ரகங்கள் இதில் பேர்போனவை. பச்சை விதையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும்; லிண்டாக் ஊதா. கசப்பும் துவர்ப்பும் குறைவு. லிண்டாக் ஐந்தாறு நாள் புளிக்க வேண்டும், இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். காய்ந்தபின் உடைத்தால் வெளிர்பழுப்பாகத் தெரிவதால் வணிகத்தில் 'ஜாவா லைட் பிரேக்கிங்' என்ற பெயரும் உண்டு.

சரி, எரிமலைக்கு என்ன பங்கு? சாம்பல் மண் சத்து தரும், ஈரம் காக்கும், தேங்கும் நீரை வடியவிடும். மரம் செழிக்கும். ஆனால் அதே மண்ணில் லிண்டாக்கை நட்டால் லிண்டாக்தான் காய்க்கும். சாக்லேட் உறையில் எரிமலைப் படத்தைப் பார்த்தே மயங்க வேண்டியதில்லை.

தமிழில் இதை 'உயர்தரக் கொக்கோ' என்று எழுதினால் குழப்பம் வரும். தரம் வேறு, ரகம் வேறு. பதமாகப் புளித்து, பூஞ்சை பிடிக்காமல் காய்ந்த லிண்டாக்கும் உயர்தரமே. பூஞ்சை பிடித்த மூலியா மட்டமான சரக்கே. 'விழுமிய கொக்கோ' என்றால் பொருள் பொருந்தும், ஆனால் வியாபாரி யாரும் வாயில் வைக்கமாட்டார். மளிகைக் கடையிலேயே ஒரு சொல் இருக்கிறது: நயம். நயம் பருப்பு, நயம் புளி என்கிறோம். பாட்டின் நுட்பமான சுவைக்கும் நயம் என்றே பெயர். ஆகவே மூலியாவை 'நயம் கொக்கோ' என்றும், லிண்டாக்கைப் 'பொதுரகக் கொக்கோ' என்றும் சொல்லலாம்.