வெளிநாட்டு வகுப்பறையுடன் இணையும் முன் எழுதி வைக்க வேண்டியவை

இரு நாட்டு வகுப்பறைகளை இணைத்து, ஆசிரியர்களே முன்னின்று நடத்தும் பன்னாட்டுக் கல்வித் திட்டங்கள் புதியவை அல்ல. 1988இல் நியூயோர்க், மொஸ்கோ பாடசாலைகளை இணைத்ததிலிருந்து வளர்ந்த ஐஏர்ன் வலையமைப்பும், 2005இல் ஐரோப்பிய ஆணைக்குழு தொடங்கிய ஈட்வினிங் என்ற பாடசாலை இணைப்புத் திட்டமும் ஆசிரியர்களின் முன்முயற்சியை நம்பியே இயங்குபவை. இரண்டு ஆசிரியர்கள் பேசி உடன்பட்டால் மறுவாரமே வேலை தொடங்கிவிடலாம் என்பதே இவற்றின் பலம். ஆனால், ஆசிரிய ஆலோசகராக வன்னிப் பாடசாலைகளுக்குச் செல்லும்போது இத்தகைய இணைப்புக்கு எழுதி வைத்த வழிகாட்டு விதிகள் எங்கே என்று கேட்டால், "எல்லாம் வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டோம், சேர்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் உடன்பாடும் அவருடைய தொலைபேசியுடனேயே போய்விடும்.

விதிகளில் முதலில் எழுத வேண்டியது, பிள்ளைகளிடம் எதைக் கேட்கக்கூடாது என்பதாகும். குடும்ப மரம் வரைந்து உறவுகளை அறிமுகப்படுத்துவது வேறொரு நாட்டு வகுப்பறையில் சாதாரணமான பயிற்சியாக இருக்கலாம். புதுக்குடியிருப்பிலோ விசுவமடுவிலோ அது அப்படியல்ல. இன்று இடைநிலை வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் போர் முடிந்த 2009இற்குப் பின் பிறந்தவர்கள்தாம் என்றாலும், காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் படமும் திரும்பி வராத அப்பப்பாவின் பெயரும் அவர்கள் வளரும் வீடுகளில் இருக்கின்றன. வெளிநாட்டு வகுப்பின் கூட்டாளி ஆசிரியர் நல்லெண்ணத்துடனேயே போரைப் பற்றிக் கேட்கக்கூடும். ஆகவே, தலைப்புகளை இரு ஆசிரியர்களும் முன்கூட்டியே தெரிவுசெய்ய வேண்டும் என்றும், பிள்ளை தானாக முன்வந்து எழுதும் குடும்பக் கதை பாதுகாவலரின் சம்மதம் கிடைக்கும்வரை வகுப்பறையை விட்டு வெளியேறாது என்றும் தெளிவாக எழுதுவது நல்லது. என்னைக் கேட்டால், இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் மாரிமழையையும் காலபோக விதைப்பையும் ஒப்பிடும் செயற்றிட்டமே சிறந்தது. அதில் எங்கள் பிள்ளை இரக்கத்துக்குரியவராக அல்லாமல் விடயம் தெரிந்தவராகப் பேசுவார்.

சம்மதம் பெறும் முறையிலும் கவனம் வேண்டும். படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி கையொப்பம் வாங்கிவிட்டால் போதாது. பெற்றோர் கூட்டத்தில் அதைத் தமிழில் வாசித்து விளக்கி, பெயர், படம், குரல், எழுத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் பெற்று, விரும்பிய நேரத்தில் அதை மீளப்பெறலாம் என்றும் சொல்ல வேண்டும். அம்மம்மாவுடன் வாழும் பிள்ளைக்கும் சிறுவர் இல்லத்தில் தங்கியிருக்கும் பிள்ளைக்கும் யார் கையொப்பமிடுவது என்பதை அதிபருடன் முன்னரே தீர்மானிக்க வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆவது உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குவதால், பிள்ளையிடமும் கேட்பது எங்கள் கடமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு இருப்பதுபோல் கூட்டாளி நாட்டுக்கும் தனிச் சட்டம் இருக்கும். இரண்டில் எது இறுக்கமானதோ அதையே இருபக்கமும் பின்பற்றலாம். பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடைப் படங்களையும், எடுத்த இடத்தின் விபரம் பதிந்திருக்கும் படங்களையும் அப்படியே அனுப்பக்கூடாது.

பிள்ளைக்கும் வெளிநாட்டு வளர்ந்தவருக்கும் இடையில் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றம் எக்காரணத்துக்காகவும் கூடாது. சந்தேகம் எழுந்தால் அதிபருக்கு அறிவிப்பதோடு, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

அன்பளிப்பு வேறொரு சிக்கல். ஒரு பிள்ளையின் கடிதத்தால் மனமிளகி அவருக்கு மட்டும் துவிச்சக்கரவண்டி வாங்கிக் கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் விரும்பினால், அந்த வகுப்பில் அதன்பின் எழுதப்படும் கடிதங்கள் மாறிவிடும். பிள்ளைகள் புத்திசாலிகள், எந்தக் கடிதத்துக்குப் பலன் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உதவி வருமானால் தனிப்பிள்ளைக்கு அல்லாமல் அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் தெரிந்து, முழு வகுப்புக்கும் பொதுவாக வர வேண்டும்.

நேரடிக் காணொளிச் சந்திப்பை நான் அவ்வளவாக ஊக்குவிப்பதில்லை. எங்கள் பாடசாலை முடியும் பிற்பகல் 1.30 மணி, குளிர்காலத்தில் பிரித்தானியாவில் காலை 8 மணி. இரு வகுப்புகளும் ஒரே நேரத்தில் பாடசாலையில் இருப்பது அரிது, டேட்டாச் செலவோ கூடுதல். பதிவுசெய்த குரலும் கையால் எழுதிய கடிதத்தின் படமும் போதும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் தரம் 11 மாணவரைச் சேர்க்காமல் விடுவதும் நல்லது.

திட்டம் முடியும் திகதியும், சேர்ந்த படங்களை அதன்பின் யார் அழிப்பார் என்பதும் தொடக்கத்திலேயே விதிகளில் இடம்பெற வேண்டும். கையொப்பமிட்ட விதிக்கோப்பின் ஒரு பிரதி அதிபரிடமும் இன்னொன்று வலயக் கல்விப் பணிமனையிலும் இருந்தால், புதிதாக வரும் ஆசிரியர் அந்தக் கோப்பிலிருந்தே வேலையைத் தொடரலாம்.