வினாக்கொத்து குலையாமல் இருக்க வேண்டுமானால் கோடுகளை அழியுங்கள்

பிரதேச செயலகத்துக்கோ சங்கத்துக்கோ வேர்டில் வினாக்கொத்து தயாரிப்பவர்கள் கேள்விக்குப் பக்கத்தில் அடிக்கோட்டு விசையை இருபது தடவை அழுத்தி விடை எழுத இடம் விடுகிறார்கள். தாளில் பேனையால் நிரப்ப அது போதும். கணினியில் நிரப்பும்போது அந்தக் கோடுகளும் எழுத்துகள்தான். 'புதுக்குடியிருப்பு' என்று அடித்ததும் அவை வலப்பக்கம் தள்ளப்பட்டு அடுத்த வரிக்கு இறங்கும். கீழே உள்ள கேள்விகள் அடுத்த பக்கத்துக்கு ஓடும். நிரப்பியவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பிழை படிவத்தில் இருக்கிறது.

விடை ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு பெட்டி கொடுங்கள். முதலில் தாள் ஏ4 தானா என்று பாருங்கள். சில கணினிகளில் வேர்ட் 'லெட்டர்' என்ற அமெரிக்கத் தாள் அளவில் திறக்கும், அதை ஏ4 தாளில் அச்சிட்டால் ஓரங்கள் மாறும். இருபுறமும் 2 சென்ரிமீற்றர் விளிம்பு விட்டால் 17 சென்ரிமீற்றர் மிஞ்சும்: கேள்விக்கு 6, விடைக்கு 11. கோடு வேண்டுமென்றால் விடைப் பெட்டியின் கீழ் எல்லையை மட்டும் வையுங்கள். அட்டவணையின் 'ஒப்ஷன்ஸ்' பகுதியில், உள்ளடக்கத்துக்கேற்ப அகலத்தைத் தானாக மாற்றும் தெரிவை நீக்குங்கள். அதை மறந்தால் நீண்ட முகவரி ஒன்று கேள்விப் பத்தியை நசுக்கிவிடும்.

வரிசை உயரத்துக்கு 'எக்ஸாக்ட்லி' வேண்டாம், 'அற் லீஸ்ட்' போடுங்கள், 0.9 சென்ரிமீற்றர் போதும். தமிழுக்கு இது முக்கியம். உயரத்தையோ வரி இடைவெளியையோ இறுக்கிக் கட்டினால் 'கீ', 'தி' போன்றவற்றின் மேல்வளைவு வெட்டுப்படும். பெயரையே பிழையாக வாசிக்க நேரும்.

இனி விடைக் களங்கள், அதாவது பெட்டிக்குள் நிரப்புபவர் தட்டச்சிடும் இடங்கள். ஃபைல், ஒப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிபன் என்று போய் 'டெவலப்பர்' தத்தலை (டாப்) இயக்குங்கள். களங்களை அங்கிருந்து செருகலாம். பெயர், முகவரிக்கு 'பிளெய்ன் டெக்ஸ்ட்' களம் நல்லது. அதன் பண்புகளில் அனுமதி கொடுக்காதவரை அது என்டர் விசையை ஏற்காது, நடுவில் வெற்று வரிகள் வராது. களத்தில் தெரியும் நீண்ட ஆங்கில வாசகத்தை 'டிசைன் மோட்' மூலம் 'பெயர்' என்று சுருக்குங்கள். களத்தை அழிக்க முடியாதவாறு அதன் பண்புகளில் பூட்டுங்கள்.

பிரதேச செயலகப் பிரிவைத் தட்டச்சிட விடவே கூடாது. கிளிநொச்சி மாவட்டமென்றால் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று கீழ்விரி பட்டியலாகக் கொடுங்கள். ஒரே ஊரை நான்கு விதமாக எழுதி வந்தால் பிறகு எண்ணித் தொகுப்பவர் பாடுபடுவார். அடையாள அட்டை இலக்கத்துக்கு 12 இடம் வேண்டும்: பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்ததில் 12 இலக்கம்.

எழுத்துரு இங்கே பெரிய சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் செய்த படிவம், அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கேள்வி பாமினியிலும் விடை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிக்கோட் முறையிலும் இருந்தால் வரி உயரம் மாறிப் பக்கம் நகரும். பாமினி விடைகளை எக்செலில் யூனிக்கோட்டில் தட்டச்சிட்டுத் தேடவும் முடியாது. முழுவதையும் யூனிக்கோட்டில், நிர்மலா யூஐ போன்ற விண்டோசுடன் வரும் எழுத்துருவில் செய்யுங்கள்.

கடைசியாக 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' திறந்து, படிவம் நிரப்ப மட்டும் என்ற தெரிவுடன் பாதுகாப்பை இயக்குங்கள். கடவுச்சொல்லை அலுவலகக் கோவையிலும் குறித்து வையுங்கள். பூட்டிய பகுதியில் நிரப்புபவர் புதிய வரிசை சேர்க்க முடியாது. ஆகவே குடும்ப அங்கத்தவர் அட்டவணைக்கு எட்டு வரிசையாவது முன்கூட்டியே விடுங்கள், அல்லது அதைத் தனிப் பிரிவாக்கிப் பூட்டாமல் விடுங்கள்.

அனுப்புமுன் இருப்பதிலேயே நீண்ட பெயரையும் முகவரியையும் போட்டு நிரப்பிப் பாருங்கள். வேறொரு கணினியிலும், ஒரு கைபேசியிலும் திறந்து பாருங்கள். கைபேசியில் களங்கள் ஒழுங்காக இயங்காவிட்டால், அங்கு நிரப்புபவர்களுக்கு அச்சிட்ட பிரதியைக் கொடுங்கள். பெட்டிகள் சரியாக இருந்தால் பேனைக்கும் அதே படிவம் போதும்.